படைமுகாம் நினைவுகள்: நம் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லப் போகிறோம்?



"ஜப்பான்காரன் காலம்" என்றவுடன் நம் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது மரவள்ளிக்கிழங்குதான். அரிசி கிடைக்கவில்லை, கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தோம் என்று பாட்டி சொன்ன கதை பேரப்பிள்ளைவரை வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் அதே காலத்தில் இத்தீவில் பல்லாயிரம் இந்தியப் போர்வீரர்கள் முகாம்களில் வாழ்ந்தார்கள் என்பதும், அவர்களுக்குப் பின் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் படையில் சேர்ந்தார்கள் என்பதும் பல வீடுகளில் ஒரு வரிச் செய்தியாகச் சுருங்கிவிட்டன. "தாத்தா நேதாஜி படையில் இருந்தார்" என்பதே அந்த ஒரு வரி. அந்த ஒரு வரியை எப்படி விரித்துச் சொல்வது என்பது குறித்தே இன்று எழுத விரும்புகிறேன்.

நான் வசிக்கும் கேலாங்கிலிருந்து பேருந்தில் ஏறினால் அந்த வரலாறு நிகழ்ந்த இடங்கள் பலவற்றுக்கும் ஒரு மணி நேரத்திற்குள் சென்றுவிடலாம். பேரர் பார்க் திடல், பிடாதரி, வாட்டர்லூ தெரு, பாடாங், கடலோரத்து எஸ்பிளனேட் பூங்கா ஆகிய அனைத்தும் அன்றாடம் நாம் கடந்து செல்லும் இடங்களே.

திடலில் தொடங்கியது

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17 அன்று, இந்தியப் போர்வீரர்கள் மட்டும் தம் ஆங்கிலேய அதிகாரிகளிடமிருந்து பிரிக்கப்பட்டுப் பேரர் பார்க் திடலில் கூட்டப்பட்டனர். அத்திடல் 1933 வரை குதிரைப் பந்தயத் திடலாக இருந்தது. அருகிலுள்ள ரேஸ் கோர்ஸ் சாலை அதனால் பெற்ற பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. அங்கே கூடியவர்கள் சுமார் 40,000 முதல் 45,000 பேர் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பிரிட்டிஷ் தரப்பில் லெப்டினன்ட் கர்னல் ஹண்ட் அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். ஜப்பானியர் சார்பில் மேஜர் புஜிவாரா பேசினார். பின்னர் கேப்டன் மோகன் சிங், இந்தியாவின் விடுதலைக்காக ஒரு படை அமைப்போம் வாருங்கள் என்று அழைத்தார்.

சிலர் ஆரவாரம் செய்தார்கள். சிலர் மௌனமாக நின்றார்கள். ஆண்டுக்கணக்கில் தாம் பணியாற்றிய படை தம்மை ஒரே நாளில் கைமாற்றிக் கொடுத்துவிட்டதே என்ற திகைப்பைப் பலர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர். இந்திய அதிகாரிகளுக்கு மலாயாவில் நேர்ந்த அவமதிப்புகளும் அவர்கள் நெஞ்சில் இருந்தன. வெள்ளையர் மன்றங்கள் பலவற்றின் கதவுகள் அவர்களுக்குத் திறக்கவில்லை. அதே சீருடை அணிந்த வெள்ளை அதிகாரிகளுக்கோ திறந்தன. எனினும் எடுத்த சத்தியத்தை மீறலாமா, ஜப்பானியரை நம்பலாமா, ஊரில் இருக்கும் குடும்பத்திற்கு என்ன ஆகும் என்ற கேள்விகளும் அதே நெஞ்சில்தான் இருந்தன.

1942 ஏப்ரலில் பிடாதரி முகாமில் கூடிய இந்திய அதிகாரிகள், சாதி, மத, இன வேறுபாடின்றி இந்தியர் அனைவரும் ஒன்று என்று தீர்மானம் செய்தார்கள். இன்று அப்பகுதியில் வீவக அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று சுமார் 16,000 பேருடன் இந்திய தேசிய ராணுவம் முறைப்படி அமைந்தது. டிசம்பரிலேயே ஜப்பானியருடன் கருத்து வேறுபாடு முற்றி மோகன் சிங் கைது செய்யப்பட்டார். படை தளர்ந்தது. 1943 ஜூலை 2 அன்று சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த பிறகே அது மீண்டும் உயிர்பெற்றது.

தோட்டத்திலிருந்து முகாமுக்கு

இங்கே தமிழர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சரணடைந்த பட்டாளங்களில் பெரும்பகுதியினர் பஞ்சாபியர், டோக்ரர், கூர்க்கர், கார்வாலியர், ஹைதராபாத் படைப்பிரிவினர். மதராஸ் சாப்பர்ஸ் போன்ற பிரிவுகளில் தமிழர் இருந்தாலும் எண்ணிக்கை சிறிது. போஸ் வந்தபின் சேர்ந்த பொதுமக்களால்தான் அப்படையில் தமிழ்க்குரல் ஓங்கியது. அவ்வாறு சேர்ந்தவர்கள் சுமார் 18,000 பேர் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டங்களிலும் நகரங்களிலும் கூலி வேலை செய்த தமிழர்கள்.

1943 ஜூலை 9 அன்று பாடாங்கில் நடந்த பொதுக்கூட்டத்தைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் மழையைக் குறிப்பிடத் தவறுவதில்லை. மழை கொட்டியும் கூட்டம் கலையவில்லை. போஸ் இந்துஸ்தானியில் பேசுவார், தமிழில் மொழிபெயர்ப்பார்கள். தோட்டத்தில் துரைக்கு முன்னால் தலை குனிந்தே பழகியவனை ஒரு தலைவர் "நீ வீரன், உன்னை நம்பித்தான் வந்தேன்" என்ற பொருள்படப் பேசியது அதுவே முதல்முறை. படையினர் பலரின் நினைவுகளில் இச்செய்தியே மீண்டும் மீண்டும் வருகிறது.

முகாம் வாழ்க்கையைப் பற்றிய நினைவுகளோ மிகச் சிறிய பொருள்களைச் சுற்றியே அமைகின்றன. சீருடை, சப்பாத்து, துப்பாக்கியின் கனம், விடியற்காலைக் கவாத்து, கவாத்துக் கட்டளைகள். கட்டளைகள் இந்துஸ்தானியில் இருந்தன. பாடம் ரோமன் எழுத்தில் இருந்தது. தமிழ் மட்டுமே அறிந்த ஓர் இளைஞன் பஞ்சாபி அதிகாரியின் கட்டளையைப் புரிந்துகொள்ளப் பட்டபாட்டை எண்ணிப் பாருங்கள். ஆனாலும் "ஜெய் ஹிந்த்" என்ற ஒரே வணக்கம் அனைவருக்கும் பொதுவாயிற்று.

எல்லாவற்றிலும் முக்கியமானது சமையற்கட்டு. பழைய பிரிட்டிஷ் இந்தியப் படையில் மதத்திற்கும் சாதிக்கும் தனித்தனி அடுப்புகள் இருந்தன. இந்திய தேசிய ராணுவத்தில் ஒன்றாய்ச் சமைத்து ஒன்றாய் உண்பதே முறையாயிற்று. தோட்டத்து லயங்களிலும் சாதி பார்த்து வாழ்ந்த ஒருவனுக்கு, பக்கத்தில் அமர்ந்து உண்பவனின் சாதியைக் கேட்கக்கூடாது என்ற விதி எவ்வளவு பெரிய பாடம்! எந்தப் பாடநூலும் கற்பிக்காத சமத்துவத்தை ஒரு தட்டுச் சோறு கற்பித்தது.

வாட்டர்லூ தெருவின் பெண்கள்

1943 அக்டோபர் 22 அன்று வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதன் தலைவி டாக்டர் லட்சுமி சுவாமிநாதன், 1914-இல் சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1940-இல் சிங்கப்பூருக்கு வந்து மருத்துவம் செய்துகொண்டிருந்தவர். பின்னாளில் லட்சுமி சேகல் என்று அறியப்பட்ட அவர், 2002-இல் இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து நின்றார். களத்தில் நின்ற இருவருமே தமிழ் மண்ணில் பிறந்தவர்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி, போஸின் பேச்சைக் கேட்டுத் தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படையில் சேர்ந்தார். வசதியான குடும்பத்துப் பெண்ணான அவருக்குத் தொடக்கத்தில் முகாம் வாழ்க்கை ஒத்துவரவில்லை. பின்னர் அப்படையின் இரண்டாம் நிலைத் தலைவியாக உயர்ந்தார். ஜானகி ஆதி நாகப்பன் என்ற பெயரில் மலேசியப் பொதுவாழ்வில் விளங்கிய அவருக்கு 2000-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. ஈப்போவில் பிறந்த ராசம்மா தம் அக்காள் பொன்னம்மாவுடன் பதினாறு வயதில் சேர்ந்தார். அவர் பின்னாளில் ராசம்மா பூபாலன் என்ற புகழ்பெற்ற ஆசிரியை ஆனார். கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியராகவும் இருந்தார். நம் தொழிலைச் சேர்ந்த ஒருவர் இளமையில் துப்பாக்கி ஏந்தியவர் என்பது ஆசிரியர்களாகிய நமக்கு ஒரு தனிச் செய்தி.

1945 ஏப்ரலில் பர்மாவிலிருந்து பின்வாங்கியபோது அப்பெண்கள் ரங்கூனிலிருந்து பாங்காக்கை நோக்கிப் பல நாள்கள் நடந்தார்கள். இரவில் நடை, பகலில் மரநிழலில் மறைவு, வானில் விமானங்கள். போஸும் அவர்களுடனேயே நடந்தார்.

அருகருகே இரண்டு தேதிகள்

இதுவரை சொன்னது பெருமிதக் கதை. இத்துடன் முடித்துவிட்டால் கேட்பவர்களுக்கு இனிமையாக இருக்கும். ஆனால் சிங்கப்பூர் வகுப்பறையில் அது போதாது என்பது என் உறுதியான கருத்து.

பேரர் பார்க் கூட்டம் நடந்தது 1942 பிப்ரவரி 17. அதற்கு மறுநாள், பிப்ரவரி 18 அன்று, அதே ஜப்பானியப் படை சீன ஆண்களை வரிசையில் நிறுத்திப் பிரித்தெடுக்கும் "சூக் சிங்" நடவடிக்கையைத் தொடங்கியது. மார்ச் தொடக்கம்வரை அது நீடித்தது. பேரர் பார்க்கிற்கு அருகேயுள்ள ஜாலான் புசார் ஒரு சோதனை நிலையம். கேலாங்கிற்குக் கிழக்கே தெலுக் குராவ் பள்ளிக்கூடம் மற்றொரு நிலையம். பிரித்தெடுக்கப்பட்டவர்கள் கடற்கரைகளுக்கும் ஒதுக்குப்புறங்களுக்கும் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டோர் சுமார் 5,000 என்று ஜப்பானியத் தரப்பு ஒப்புக்கொண்டது; பிற கணிப்புகள் அதைப்போல் பல மடங்கு கூறுகின்றன.

நம் பிள்ளையின் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் சீன மாணவனின் குடும்பத்தில் பிப்ரவரி 18 என்பது கொள்ளுத்தாத்தா திரும்பி வராத நாளாக இருக்கலாம். நம் வீட்டிலோ பிப்ரவரி 17 விடுதலைப் படையின் தொடக்க நாள். ஒரே நகரம், ஒரே படை, ஒரு நாள் இடைவெளி. இந்த இரண்டு தேதிகளையும் அருகருகே எழுதிக் காட்டாமல் ஒன்றை மட்டும் சொல்வது பாதி வரலாறு.

இன்னும் இரண்டு தேதிகள். சயாம் மரண ரயில் என்று நம் முன்னோர் அழைத்த சயாம் - பர்மா ரயில்பாதை, 415 கிலோமீட்டர் நீளமுள்ளது. அது 1943 அக்டோபர் 17 அன்று இணைக்கப்பட்டது. மலாயாவிலிருந்து 70,000-க்கும் அதிகமானோர் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். பசியாலும் காலராவாலும் அடியாலும் செத்தவர்களுக்கு முறையான கல்லறைகூட இல்லை. அப்பாதை இணைந்த நான்காம் நாள், அக்டோபர் 21 அன்று, சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்திய அரசைப் போஸ் அறிவித்தார். அந்த அரசுக்குத் துணை நின்ற ஜப்பான்தான் அந்த ரயில்பாதையையும் போட்டது. தோட்டத்திலிருந்து படைக்குச் சென்றவர்களில் சிலர் ரயில்பாதைக்குப் பிடித்துச் செல்லப்படாமல் தப்பவே சீருடை அணிந்தார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உயிர் தப்பச் சேர்ந்தவன், சேர்ந்த பிறகு தலைநிமிரக் கற்றுக்கொண்டான் என்பதும் உண்மையே.

மறுத்தவர்கள்

படையில் சேர மறுத்த இந்தியப் போர்வீரர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. பேரர் பார்க் திடலில் அதே மண்ணில் நின்றவர்கள்தாம் அவர்களும். மறுத்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் 1943 முதல் நியூகினி, நியூபிரிட்டன் போன்ற தீவுகளுக்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். அங்கே கூலி வேலை, பட்டினி, நோய், அடி. 1945-இல் ஆஸ்திரேலியப் படையினர் மீட்டபோது பலர் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். மேலும் பலர் மீட்கப்படுவதற்கு முன்பே மாண்டிருந்தார்கள்.

கிராஞ்சி போர் நினைவிடத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது அச்சுவர்களில் இந்தியப் பெயர்களைத் தேடச் சொல்லுங்கள். உடல் கிடைக்காத 24,000-க்கும் அதிகமானோரின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. தகனம் செய்யப்பட்ட இந்திய வீரர்களுக்குத் தனி நினைவுச்சின்னமும் உண்டு.

எஸ்பிளனேட் பூங்காவில் இந்திய தேசிய ராணுவத்தின் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. 1945 ஜூலை 8 அன்று போஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற மூன்று சொற்கள் அதில் இடம்பெற்றன. ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் செப்டம்பரில் மவுண்ட்பேட்டனின் ஆணைப்படி அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1995-இல் தேசிய மரபுடைமைக் கழகம் அவ்விடத்தில் ஒரு நினைவுப் பலகையை வைத்தது. கிராஞ்சிக்கும் எஸ்பிளனேடுக்கும் ஒரே நாளில் சென்று வரலாம். இரண்டையும் காட்டுவதே நியாயம். யார் வீரன், யார் துரோகி என்று தீர்ப்புச் சொல்லும்படி பத்து வயதுப் பிள்ளையை நாம் வற்புறுத்தத் தேவையில்லை. பிடிபட்ட மனிதன் முன்னால் எத்தகைய வழிகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் என்ன விலை கொடுத்தான் என்று அறிந்துகொண்டாலே போதும்.

திரும்பி வந்தபின்

போர் முடிந்தது. 1945 ஆகஸ்ட் 18 அன்று தைப்பேயில் விமான விபத்தில் போஸ் இறந்தார். டெல்லிச் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், தில்லான் ஆகிய அதிகாரிகள்மீது நடந்த விசாரணை இந்தியாவையே உலுக்கியது. ஆனால் தோட்டத்துத் தமிழனுக்கு விசாரணையும் இல்லை, ஊர்வலமும் இல்லை. சீருடையைக் கழற்றிவிட்டு மறுபடியும் பால்மரம் வெட்டப் போனான். ஆயினும் போனபோது இருந்தவனாக அவன் திரும்பவில்லை. 1946, 1947 ஆண்டுகளில் கெடா மாநிலத் தோட்டங்களில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடையை எதிர்த்தது, தொழிலாளர் மானத்தைப் பேசியது. அந்த எழுச்சியிலும் தொழிற்சங்கங்களிலும் முகாமில் கற்ற கட்டுப்பாட்டின் சாயல் தெரிகிறது என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். டெல்லியை அவர்கள் அடையவில்லை. தோட்டத்தில் தலைநிமிர்ந்து நடந்தார்கள்.

நாம் கேட்க வேண்டியவை

1943-இல் பதினெட்டு வயதாக இருந்தவருக்கு 2025-இல் நூறு வயது. நேரில் கேட்கும் வாய்ப்பு ஏறத்தாழ முடிந்துவிட்டது. ஆனால் இரண்டு வாயில்கள் இன்னும் திறந்திருக்கின்றன. ஒன்று, 1979-இல் தொடங்கப்பட்ட வாய்மொழி வரலாற்றுப் பிரிவு. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தை வாழ்ந்தவர்களின் பேட்டிகளை அது 1980-களில் பதிவுசெய்தது. தமிழ்ப் பேட்டிகளும் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. மற்றொன்று, நம் வீட்டுப் பெரியவர்கள். அவர்கள் படையில் இருந்தவர்கள் அல்லர், இருந்தவர்களின் மக்கள். தந்தையார் சொல்லக் கேட்டது அவர்களிடம் இருக்கிறது.

அவர்களிடம் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. "தாத்தா ஏன் படையில் சேர்ந்தார்?" என்று தொடங்கினால் பெரும்பாலும் "நாட்டுப்பற்றால்" என்ற ஒரு சொல் விடைதான் கிடைக்கும். அது பொய் அன்று. ஆனால் அதற்கு மேல் பேச்சு நகராது. மாறாக, "முகாமில் யார் சமைத்தார்கள்? யாருக்குப் பக்கத்தில் அமர்ந்து உண்டார்? கட்டளை எந்த மொழியில் வந்தது? வீட்டுக்குக் கடிதம் எழுதினாரா? எழுதத் தெரியாதென்றால் யார் எழுதிக் கொடுத்தார்கள்? திரும்பி வந்தபோது கையில் என்ன இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். சின்னக் கேள்விக்குத்தான் பெரிய நினைவு வாய்திறக்கும்.

தந்தையர்களுக்கு ஒரு வார்த்தை. 1967 முதல் தேசிய சேவை நம் குடும்பங்களின் அனுபவமாகிவிட்டது. கேலாங் வட்டாரத்துக் கில்லிமார்ட் சாலை முகாமில் சிங்கப்பூர்க் காலாட்படையின் முதல் பட்டாளம் பல ஆண்டுகள் இருந்தது; அங்கே சேவையாற்றியவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள். முகாமில் முதல் இரவு எப்படிக் கழிந்தது, சாப்பாடு எப்படி இருந்தது, வேறு இனத்து நண்பன் எவ்வாறு கிடைத்தான் என்பதை உங்கள் பிள்ளையிடம் முதலில் நீங்கள் சொல்லுங்கள். அதன்பின் பிடாதரியையும் வாட்டர்லூ தெருவையும் பற்றிச் சொன்னால், கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பவர்கள் அந்தப் பிள்ளைக்கு அந்நியராகத் தோன்றமாட்டார்கள்.

ஆசிரியர்கள் ஒரு சிறு பயிற்சியை வகுப்பில் செய்து பார்க்கலாம். கரும்பலகையில் நான்கு தேதிகளை மட்டும் எழுதுங்கள்: 1942 பிப்ரவரி 17, 1942 பிப்ரவரி 18, 1943 அக்டோபர் 17, 1943 அக்டோபர் 21. ஒவ்வொன்றிலும் யார் எங்கே நின்றார்கள் என்று மாணவர்களைக் கண்டறியச் செய்யுங்கள். நம் முன்னோரின் துணிவைக் குறைக்காமலேயே அடுத்த வீட்டுக்காரரின் துயரத்தையும் சேர்த்துச் சொல்ல இப்பயிற்சி உதவும்.

உங்கள் வீட்டில் அந்த ஒரு வரி இருந்தால், இந்த விடுமுறையில் பிள்ளையைப் பெரியவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும்.